ரொட்டியைக் கருக்கிய ராஜா

எனக்கு எழுபத்து நான்கு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். ஆறு பேரையும் ஏசித்தான் வளர்த்தேன்; ஒருவரும் கெட்டுப்போகவில்லை.

அம்பிட்டியவில் வெள்ளைக்காரர்கள் வந்து தங்கும் ஒரு வீட்டில் சமையல் என் வேலை; குசினி முழுக்க என் பொறுப்பு. போன மாதம் இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு தொரை, தேங்காய் ரொட்டி சுடப் பழக வேண்டுமென்று என் பக்கத்தில் வந்து நின்றார். திடீரென்று மழை. காயப்போட்ட துணியை எடுக்க ஓடினேன். கல்லில் கிடந்த ரொட்டியைத் திருப்பிப் போடும்படி கையால் காட்டிவிட்டுத்தான் போனேன். தலையாட்டினார். திரும்பி வந்தால் ஒரே புகை. மனிதர் ஜன்னலோரம் கெமராவைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

"சுடச்சுடத் தின்ன மட்டும் வாய் வருது, திருப்பிப் போடக் கை வரலியோ?" என்று சத்தமாகவே ஏசினேன்.

அந்த வீட்டு மொதலாளி ஓடி வந்தார். என் கடைசி மகன் வயதுதான் அவருக்கு. "ஆச்சி, தொரைகிட்ட மன்னிப்புக் கேளுங்க. இல்லாட்டி நாளைக்குக் குசினிப் பக்கம் வர வேணாம்."

"நான் கேக்க மாட்டேன்."

நான் என்ன சொன்னேனென்று தொரை விசாரித்தார். மொதலாளி தயங்கித் தயங்கிச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு ஒரு கதை சொன்னார். மொதலாளி அதை எனக்குத் தமிழில் சொன்னார். அவர்கள் நாட்டில் முன்னொரு காலத்தில் ஒரு ராஜா சண்டையில் தோற்று, மாடு மேய்ப்பவன் குடிசையில் ஒளிந்திருந்தாராம். ரொட்டியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வீட்டுக்காரி வேறு வேலையாகப் போக, ராஜா வில்லைச் சரிசெய்துகொண்டே அதைக் கருகவிட்டாராம். ஆள் யாரென்று தெரியாமல் அவளும் இதே பேச்சுத்தான் பேசினாளாம்.

"ராஜான்னு தெரிஞ்சதும் அவ கால்ல விழுந்துட்டா, ஆச்சி" என்று மொதலாளி அழுத்திச் சொன்னார்.

"கருக்குனது யாரு?"

"ராஜாதான்."

"அப்ப அவ எதுக்கு விழணும்? இத அப்படியே தொரைகிட்ட கேளுங்க."

மொதலாளி பேச்சை மாற்றப் பார்த்தார். தொரை விடாமல் கேட்டுத் தெரிந்துகொண்டார். கருகின ரொட்டியைக் கையில் எடுத்து, என்னைப் பார்த்து "சொரி" என்று மன்னிப்புக் கேட்டார். அடுத்த ரொட்டியைத் தட்டி அவர் கையில் கொடுத்தேன். மறுநாள் வழக்கம்போல் குசினிக்குப் போனேன். யாரும் தடுக்கவில்லை.

அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டேன். எழுதி வைக்கவில்லையாம், ராஜா பெயர் மட்டும் இருக்கிறதாம். அவள் பக்கத்தை எழுத ஆளில்லாமல்தான் காலில் விழவைத்துவிட்டார்கள். அதனால் என் பக்கத்தை நானே எழுத்துக் கூட்டி எழுதிவிட்டேன். பெயர் போடவில்லை. ஏசியது யாரென்று அம்பிட்டியவுக்கே தெரியும்.

பேத்தி, இங்கே வா. முதலிலிருந்து வாசி, கேட்போம். ஏசுகிற இடத்தில் குரலைக் குறைக்காதே.