மூன்றாம் பெஞ்சில் ஒரு நிறைந்த கோப்பை

கண்ணாடிக்காரர் என்றுதான் அவரை எல்லாரும் சொல்வார்கள். ஜன்னலுக்கு, அலமாரிக்கு, படச் சட்டத்துக்கு என்று அளவை மட்டும் சொன்னால் போதும். கட்டரை ஒரே இழுப்பாக இழுத்து, ஓரத்தில் ஒரு தட்டு தட்டி, பிஸ்கட்டை உடைப்பது மாதிரி பிட்டுக் கொடுத்துவிடுவார். நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு நாலு நாள் இழுப்பார், அது வேறு விஷயம். அந்தப் பொய்யைச் சொல்லாத கடைக்காரன் உலகத்திலேயே கிடையாது.

ஆலயத்தில் அவருக்கு இருந்த பெயரே தனி. "அவரா, தங்கமான மனுஷன்" என்பார்கள். மாதாமாதம், இயேசுவின் சிலுவை மரணத்தை நினைத்து அப்பமும் திராட்சை ரசமும் எடுக்கிற திருவிருந்து முடிந்ததும், ரசம் குடித்த அந்தக் குட்டிக் கண்ணாடிக் கோப்பைகளையெல்லாம் அவர் ஒருவரே சேகரித்து, பின்னறைத் தொட்டியில் கழுவித் துடைத்து அடுக்கிவைப்பார். பிளாஸ்டிக் கோப்பை வாங்கிவிட்டால் கழுவுகிற வேலை மிச்சம் என்று போதகர் ஒருமுறை சொன்னபோது, "நான் இருக்கேன், ஐயா. கண்ணாடிய எனக்கு விட்டுடுங்க" என்று வலியப் போய் ஏற்றுக்கொண்டவர். போதகர் அதைப் பிரசங்கத்தின் நடுவே எடுத்துச் சொல்லி மெச்சினார். அவர் அப்போது கூனிக் குறுகி உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, என்ன பணிவு என்று எல்லாரும் வியந்தார்கள்.

பணிவாவது மண்ணாவது! அந்தக் கோப்பைகளில் ஒன்று மாதாமாதம் ரசம் குறையாமல் நிறைந்தபடியே திரும்பி வந்துகொண்டிருந்தது. அது அவருடைய கோப்பை. வேறு யார் கழுவினாலும் குட்டு வெளிப்பட்டுவிடும் என்றுதான் அந்த வேலையை அவர் கையில் வைத்திருந்தார்.

எல்லாம் சின்னவன் போனதிலிருந்து வந்த வினை. சின்னவன் அவருடைய கடைசித் தம்பி. படுத்த படுக்கையாக அவன் கிடந்தபோது சபையே உபவாசம் இருந்து ஜெபித்தது. கண்ணாடிக்காரர் முழங்கால் தேயத் தேய ஜெபித்தார். ஆனாலும் அவன் போய்விட்டான். முகம் தெரியும்படி சவப்பெட்டியின் மூடியில் பதிக்கிற கண்ணாடியை அவரே அறுத்தார், வேறு யாரையும் தொட விடவில்லை. கல்லறைத் தோட்டத்தில் மறுபடியும் சந்திப்போம் என்று எல்லாரும் பாடினார்கள். அவர் வாயும் பாடியது, மனசு மட்டும் "நிஜமாவா?" என்று கேட்டது. அன்றைக்குக் கேட்க ஆரம்பித்த மனசு பிறகு வாயை மூடவே இல்லை.

கடையில் பொய் சொல்லலாம், வீட்டில்கூட ஒன்றிரண்டு சொல்லிக்கொள்ளலாம். அந்தத் திருவிருந்து மேசைக்கு முன்னால் பொய் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. நம்பாமல் குடித்தால் அது பொய்தானே? அதனால் கோப்பையை உதட்டுவரை கொண்டுபோவார், வாயை இறுக மூடிக்கொள்வார், அப்படியே இறக்கிவைத்துவிடுவார். பக்கத்தில் இருக்கிற அவர் மனைவி ஜெபத்தில் கண்ணை மூடினால் ஆமென் சொல்லும்வரை திறக்க மாட்டாள். அதனால் அவளுக்கும் தெரியாது.

வெளியே சொல்லித் தொலைத்தால் என்ன என்றால், அக்கா இருக்கிறாளே! பாடகர் குழுவில் முதல் வரிசையில் நின்று கணீரென்று பாடுகிற அவருடைய அக்கா. சின்னவனைத் தூக்கி வளர்த்தவள். அடக்கம் முடிந்த அன்று தம்பியின் தோளில் சாய்ந்து, "நீ ஒருத்தன் அசையாம நிக்கறடா. உன்னைப் பார்த்துதான் நானும் நிக்கறேன்" என்று சொல்லிவிட்டாள். அந்த ஒரு வாக்கியம் அவர் கழுத்தில் கல்லைக் கட்டிவிட்டது. தான் விழுந்தால் அவளும் சேர்ந்து விழுவாள் என்று அவருக்குப் பயம்.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இத்தனை காலம் அவரைக் கீறாத கண்ணாடி, ஒரு நாள் கைநழுவி உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. தையல் போட்டுக் கட்டுக் கட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குக் கிளம்பும்போது மனைவி சாதாரணமாகச் சொன்னாள்.

"கையை நனைக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரே. இந்தத் தடவை கப்பெல்லாம் கழுவறதுக்கு அண்ணிகிட்ட சொல்லிட்டேன்."

"யார்கிட்ட?"

"உங்க அக்காகிட்டதான். ஏன் இப்படி முழிக்கிறீங்க?"

முழிக்காமல் என்ன செய்வார்? அவர்கள் குடும்பம் உட்காருவது மூன்றாம் பெஞ்சு. முன் பெஞ்சின் முதுகில் மரப்பலகை ஒன்று அடித்து, ஆளுக்கொரு கோப்பை நிற்க வட்டத் துளை போட்டிருப்பார்கள். யார் எங்கே உட்காருவார்கள் என்பது அக்காவுக்கு அத்துப்படி.

ஒரு பக்கம் மனைவி, மறுபக்கம் அத்தான். அத்தான் என்றால் அக்காவின் கணவர், பஸ் ஓட்டுநர். பேச வேண்டியதையெல்லாம் ஹாரனிலேயே பேசித் தீர்த்துவிட்டவர் மாதிரி, மற்ற நேரத்தில் வாயைத் திறக்காத மனுஷன். ஜெபத்திலும் கண்ணை மூட மாட்டார். மூடினால் வண்டி கவிழ்ந்துவிடும் என்கிற பழக்கதோஷம் என்று அக்கா கேலி செய்வாள்.

கோப்பைகள் வந்தன. குடித்துவிடலாமா? பயத்தில் குடித்தால் அது இன்னும் பெரிய பொய். கண்ணாடிக்காரர் வழக்கம்போல உதட்டைத் தொட்டு இறக்கிவைத்தார். நிறைந்த கோப்பை அவருக்கு நேராக நின்று அவரையே பார்த்தது. நிறைவு ஜெபத்துக்காக எல்லாரும் தலைகுனிந்த நேரத்தில் கை அவர் சொல்லாமலே நீண்டது. அத்தானின் காலிக் கோப்பையைத் தன் துளைக்கு இழுத்து, தன் கோப்பையை அத்தானின் துளையில் நட்டுவிட்டது. ஆமென் என்று சபை சொன்னபோதுதான், என்ன காரியம் செய்துவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது.

அக்கா தட்டோடு பெஞ்சு பெஞ்சாக வந்தாள். மூன்றாம் பெஞ்சில் நின்றாள். அந்தக் கோப்பையை எடுத்தாள், பார்த்தாள், அத்தான் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தாள். அதைத் துண்டால் மூடிக்கொண்டு போனாள். கண்ணாடிக்காரர் திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல நின்றார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அந்த வாரத்திலேயே அக்கா கடைக்கு வந்துவிட்டாள். சாய்த்துவைத்த கண்ணாடிகளுக்கு நடுவே ஸ்டூலில் உட்கார்ந்தவள், புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"உன் அத்தான் திருவிருந்து எடுக்கலடா. கப்பு நிறைய அப்படியே இருந்துச்சு."

"கை தவறி... யாராவது மாத்தி வெச்சிருப்பாங்க, அக்கா."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். நேராவே கேட்டேன். ஆமான்னுட்டார்டா."

கண்ணாடிக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஆமான்னா சொன்னார்?"

"ஆமா, நான்தான்னார். அதுக்கு மேல ஒரு வார்த்தை இல்ல. சோறு போட்டா சாப்பிடறார், திட்டினா கேட்டுக்கறார். நீ வந்து நல்லதா நாலு வார்த்தை சொல்லுடா. உன் விசுவாசத்துல பாதி அவருக்கு இருந்தாப் போதும்."

அந்தக் கடைசி வார்த்தையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. கடையைப் பூட்டிக்கொண்டு அக்காவோடு கிளம்பினார். வழியெல்லாம் வாயைத் திறப்பார், மென்று விழுங்குவார். அக்கா வீட்டில் அத்தான் பணிக்குப் போய்வந்து, சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக்காரர் நின்றபடியே சொன்னார்.

"அக்கா, அது என் கப்பு. அத்தான் குடிச்சுட்டார். குடிக்காதது நான்தான். இந்த மாசம் மட்டும் இல்ல, சின்னவன் போனதிலிருந்தே. மேல ஒருத்தர் இருக்காருன்னே நம்ப முடியல, நம்பாம அங்க குடிச்சா பொய்யாயிடும்னுதான் குடிக்கல. மாட்டிக்குவோம்னு பயந்து மாத்தி வெச்சுட்டேன்."

அக்காவின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. தம்பியை விட்டுவிட்டுக் கணவர் பக்கம் திரும்பினாள்.

"அப்ப நீங்க ஏன் ஆமான்னீங்க?"

அத்தான் ஒரு வாய் சாப்பிட்டு முடித்துவிட்டுச் சொன்னார். "அவன் மாத்தி வெச்சதை நான் பார்த்தேன். நீ என்னைத் திட்டறது எனக்குப் பழகினதுதான். அவன்மேல நீ வெச்சிருக்கிற நம்பிக்கை போயிட்டா நீ தாங்க மாட்டே. அவனும் தாங்க மாட்டான்."

"நீங்க ஒரு தப்பும் பண்ணலியே, அத்தான்" என்றார் கண்ணாடிக்காரர்.

"பண்ணினவனே சுமக்கணும்னா நாமெல்லாம் என்னைக்கு மாப்ளே வீடு போய்ச் சேர்றது?" என்றார் அத்தான். பிறகு, அவ்வளவு பேசியதே அதிகம் என்பது போலத் தட்டைப் பார்த்துக் குனிந்துவிட்டார்.

அக்கா விழுந்துவிடுவாள் என்று இத்தனை காலம் பயந்தாரே, அவள் விழவில்லை. தம்பியின் முதுகில் ஓங்கி ஓர் அறை வைத்தாள். சின்ன வயதில் வைத்த அதே அறை.

"மக்கு! ஒருத்தரும் இல்லைன்னா, யாருக்கு முன்னாடிடா பொய் சொல்லக் கூடாதுன்னு பயந்தே?"

அக்கா அழுதாள், உடனே சிரித்தாள், அவருக்கும் ஒரு தட்டை எடுத்துவைத்தாள். மூன்று பேரும் சின்னவனைப் பற்றி வெகுநேரம் பேசினார்கள். அவன் போன பிறகு அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. வீட்டுக்குப் போய் மனைவியிடமும் சொன்னார். அவள் தலையில் அடித்துக்கொண்டு, "என்கிட்டகூடச் சொல்லணும்னு தோணலையா?" என்று கேட்டாள். அது பிரசங்கத்தை விடக் கூடுதலாகச் சுட்டது.

அடுத்த திருவிருந்துக்குள் தையல் பிரித்தாகிவிட்டது. அதே மூன்றாம் பெஞ்சு, அதே இடம். கோப்பை கைக்கு வந்தபோது அவர் மனசு பழையபடி "நிஜமாவா?" என்று கேட்டது. அதற்கு இன்றைக்கும் அவரிடம் பதில் இல்லை. சின்னவனை மறுபடி பார்ப்போமா என்பது தெரியாது. ஒருவன் செய்த குற்றத்தைக் குற்றமில்லாத இன்னொருவர் தானாக வாங்கி, வாய் திறவாமல் சுமக்க முடியுமா என்று யாராவது கேட்டால், அதற்கு மட்டும் இப்போது பதில் தெரியும். கண்ணால் பார்த்திருக்கிறார். சுமந்தவர் முழங்கை இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்திருந்தார்.

சபை முழுவதும் கண்ணை மூடியிருந்தது. அத்தான் மட்டும் சாலையைப் பார்க்கிற மாதிரி நேராகப் பார்த்தபடி, உதடு அசையாமல், "போலாம்" என்றார்.

கண்ணாடிக்காரர் குடித்தார். அது இனிக்கும் என்பதையே அவர் மறந்துபோயிருந்தார். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்காமல், காலிக் கோப்பையைத் தன் துளையிலேயே வைத்தார்.