கந்தம்மாள் ஏறிய டோலி

கொடைக்கானல் கடைவீதியில் பேரிக்காய்க் கூடையோடு ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நடந்து வருகிறாளே கந்தம்மாள், அவளைப் பார்த்துப் புதிதாக வந்தவர்கள் பிறவியிலேயே அப்படி என்று உச்சுக் கொட்டுவார்கள். பிறவியாவது ஒன்றாவது. பாதி கடைவீதிப் பிள்ளைகள் செய்தது. மீதியை அவளே செய்துகொண்டாள்.

அப்போது அவளுக்கு எட்டோ ஒன்பதோ வயசு. மலைக்கு மோட்டார் ரோடு வராத காலம். வெள்ளைக்காரர்கள் மேலே வரவேண்டுமானால் குதிரை, இல்லாவிட்டால் டோலி. டோலி என்பது பெரிய விஷயமில்லை. ஒரு நாற்காலி, இரண்டு பக்கமும் நீள மூங்கில், தூக்க ஆட்கள். ஏறுகிறவரின் உடம்பைப் பார்த்து ஆட்களைக் கூட்டிக்கொள்வார்கள். கந்தம்மாளின் அய்யா வேலுச்சாமி டோலிக்காரர்களில் முன்னால் பிடிக்கிறவர். தோளில் காய்ப்புக் காய்த்து, சட்டைக்குள் இரண்டு எலுமிச்சம்பழத்தை ஒளித்து வைத்த மாதிரி இருக்கும்.

பிள்ளைகளுக்கும் அதுதான் விளையாட்டு. மளிகைக்கடை அப்துல் குத்தூஸ் ராவுத்தரின் மகன் யாகூப், சோப்பு வந்த மரப்பெட்டியைக் கொண்டு வந்து மூங்கில் கட்டுவான். பழனி விபூதியும் பஞ்சாமிர்தமும் விற்கிற சேனாதிபதியின் மகள் வடிவு அதில் ஏறி, முறத்தைத் தலையில் கவிழ்த்துத் தொப்பியாக்கிக்கொள்வாள். (சேனாதிபதியின் விபூதி எந்த மாட்டுக்கொட்டகையில் சுட்டது என்பதை இங்கே கிளற வேண்டாம்.)

"ஜல்தி! ஜல்தி! சோம்பேறிக் கழுதைகளா!" என்று துரைசாணி மாதிரியே கத்துவாள் வடிவு.

எல்லாரும் மாற்றி மாற்றி ஏறுவார்கள். கந்தம்மாள் மட்டும் எப்போதும் பின்னால் மூங்கில் பிடிக்கிறவள். அவளுக்கு மிட்டாய் வேண்டாம், பாவாடை வேண்டாம். ஒரே ஒரு தடவை டோலியில் ஏறிக் கடைவீதி வழியாகப் போகவேண்டும், எல்லாரும் அண்ணாந்து பார்க்கவேண்டும். அதை நினைத்தே தூங்கினாள், அதை நினைத்தே எழுந்தாள்.

"இன்னிக்கு மட்டும் நான் ஏறிக்கிடுறேனே, வடிவு. அந்தத் திருப்பம் வரைக்கும்தான்."

"ஏட்டி, ஒங்கய்யா தூக்குறவரு. தூக்குறவுக மக எங்கனயாவது ஏறுவாளா?"

"ஒங்கய்யா என்னிக்காவது ஏறியிருக்காரா? போயிக் கேட்டுட்டு வா" என்றான் யாகூப்.

அந்தக் கிறுக்கச்சி நிஜமாகவே போய்க் கேட்டாள். கஞ்சி குடித்துக்கொண்டிருந்த வேலுச்சாமிக்குப் புரையேறிவிட்டது. "நான் ஏறுனா தூக்குறது யாரு, ஒங்காத்தாளா?" என்றார். ஆத்தாளும் சிரித்தாள். கந்தம்மாள் சிரிக்கவில்லை.

பிறகு ரோடு திறந்தார்கள். முதல் மோட்டார் புகை கக்கிக்கொண்டு வந்து நின்றபோது கடைவீதியே அதற்கு மாலை போட்டது. டோலிக்காரர்கள் கக்கத்தில் கையை இடுக்கிக்கொண்டு நின்று பார்த்தார்கள். வேலுச்சாமியின் டோலி வீட்டுக்குப் பின்னால் சார்த்திக் கிடந்தது. கோழிகள் அதில் அடைந்தன. வீட்டுக் கஞ்சி நாளுக்கு நாள் தண்ணீராயிற்று. அந்த வீட்டில் அதற்குச் சந்தோஷப்பட்டவள் ஒருத்திதான். பிள்ளைகள் விளையாடுகிற, கடைவீதிக்கு மேலேயுள்ள சந்துக்கு ஓடினாள் கந்தம்மாள்.

"எறங்குடி வடிவு. எங்கய்யாதான் இப்பத் தூக்கலையே. அப்ப நானும் தூக்குறவுக மக இல்ல. நான்தான் ஏறணும்."

வடிவு யாகூப்பைப் பார்த்தாள். அப்புறம் ரொம்பப் பதவிசாக இறங்கி, முறத்தைத் தானே எடுத்துக் கந்தம்மாளின் தலையில் வைத்தாள்.

"ஏறுங்க, துரைசாணியம்மா."

நாலு பேர் தூக்கினார்கள். கந்தம்மாள் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். சந்து சரிவாக இறங்கிக் கடைவீதிக்குத் திரும்புகிற இடம் கண்ணுக்குத் தெரிந்தது. அந்தத் திருப்பத்துக்குச் சற்று முன்னால், முன்னே நடந்துகொண்டிருந்த வடிவு திரும்பிக் கூவினாள்:

"ஏலே, மோட்டாரு வந்துருச்சுடோய்! இனி டோலி எதுக்கு? போடுங்கலே!"

நாலு பேரும் ஒன்றாகக் கையை விட்டார்கள். அந்தப் பகடியை யோசித்தவள் கெட்டிக்காரிதான், இல்லை என்று சொல்ல முடியாது. பெட்டி சரிவில் உருண்டு போய்ச் சாக்கடைக் கல்லில் மோதி நின்றபிறகும் பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். முழங்காலுக்குக் கீழே கந்தம்மாளின் கால் வேறு திசையைப் பார்த்துக் கிடப்பதைக் கண்டபிறகுதான் ஓடினார்கள்.

எலும்புக்குக் கட்டுப் போடுகிற குழந்தைவேல் வைத்தியர் வில்பட்டியில் இருந்தார். வேலுச்சாமி கோழிகளை விரட்டிவிட்டு டோலியைத் துடைத்தார். கூட்டாளிகள் மூன்று பேர் தோள் கொடுக்க வந்தார்கள். கந்தம்மாளைத் தூக்கி உட்காரவைத்தார்கள்.

"குறுக்குப் பாதையில வெரசாப் போயிருவோம்" என்றார் வேலுச்சாமி.

"கடைவீதி வழியாப் போங்கய்யா."

"அது சுத்து, தாயீ. படிக்கட்டு வேற கெடக்கு. காலு குலுங்கும்."

"குலுங்கட்டும். இல்லாட்டி எறங்கிக்கிடுறேன்." சொல்லிக்கொண்டே, தொங்குகிற காலோடு மூங்கிலைப் பிடித்து இறங்கப் பார்த்தாள்.

கூட்டாளி ஞானவேல் சிரித்தார். "விடுப்பா. சவாரி ஏறுனவுக சொன்ன வழிதானே நம்ம போவோம்?"

போனார்கள். ஒவ்வொரு படியிலும் கந்தம்மாள் உதட்டைக் கடித்தாள், ரத்தம் வந்தது, ஆனால் முதுகு வளையவில்லை. கடைக்காரர்கள் எழுந்து பார்த்தார்கள். சேதி தெரிந்துவிட்டிருந்த குத்தூஸ் ராவுத்தர், மூட்டைக்குப் பின்னால் பதுங்கியிருந்த யாகூப்பைக் காதைப் பிடித்து இழுத்து வந்து நிறுத்தினார். "போடுலே சலாம்!" அவன் அழுதுகொண்டே போட்டான். விபூதிக்கடை வாசலில் வடிவு நின்றாள். அவள் முகத்தில் இன்னும் கொஞ்சம் சிரிப்பு ஒட்டியிருந்தது.

கந்தம்மாள் அதைப் பார்த்தாள். முன்னால் தெரிந்த அய்யாவின் முதுகைப் பார்த்து, கடைவீதி முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்:

"ஜல்தி! ஜல்தி! சோம்பேறிக் கழுதைகளா!"

வடிவின் சிரிப்பு போயிற்று. வேலுச்சாமி ஒரு நிமிஷம் நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு வேகமாக நடந்தார். அவர் வேகத்துக்கு மற்றவர்கள் ஓடவேண்டியதாயிற்று. டோலி அப்படிக் குலுங்கி அதுவரை யாரும் பார்த்ததில்லை.

வில்பட்டியில் வைத்தியர் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "மாட்டைக் கூட இப்படிக் குலுக்கிக் கொண்டார மாட்டாகளே! எலும்பு வெலகிருச்சு. இனி கோணலாத்தான் கூடும்."

வைத்தியர் கட்டுப் போடக் கட்டை கேட்டார். வேலுச்சாமி டோலி நாற்காலியின் கையைக் காலால் மிதித்து முறித்துக் கொடுத்தார். அத்தோடு விடாமல் முதுகுப் பலகையையும் முறித்தார், மூங்கிலையும் வெட்டினார். எல்லாவற்றையும் வைத்தியரின் எண்ணெய்ச் சட்டிக்குக் கீழே எரிந்த அடுப்பில் திணித்தார். கூட்டாளிகள் ஒருவரும் தடுக்கவில்லை.

திரும்பும்போது மகளை உருளைக்கிழங்கு மூட்டை மாதிரி தோளில் குப்புறப் போட்டுக்கொண்டார். கட்டுப் போட்ட கால் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது, தலை பின்னால் தொங்கியது.

"அய்யா, கடைவீதி வேணாம். குறுக்குப் பாதையில போங்கய்யா. அய்யா..."

வேலுச்சாமி கடைவீதி வழியாகத்தான் போனார். அவசரமே படவில்லை.