ஜெசிந்தா நூல் கட்டிய இடம்

ஜெசிந்தா போய்விட்டார்.

காலையில் ஸ்கூலுக்குப் போகிற பஸ்ஸில் இருக்கும்போது அவருடைய அண்ணன் போன் எடுத்தார். "ரீச்சர்... தங்கச்சி விடியப்புறம் எங்களை விட்டிட்டுப் போட்டாள்."

நெஞ்சு நோகிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர். இரண்டொரு நாளில் வந்துவிடுவேன் என்றுதான் சொன்னவர்...

லீவு சொல்லிவிட்டு வேலணையிலேயே இறங்கி வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். வீட்டில் இருந்தேன், எழும்பினேன், திரும்ப இருந்தேன். சவப்பெட்டி யாழ்ப்பாணத்திலிருந்து பின்னேரம்தான் வருமாம். அதுவரைக்கும் என்ன செய்வது?

இதைப் படிக்கிற பலருக்கு அவரைத் தெரியாது. ஊர்காவற்துறைக் கடற்கரையில் கிழிந்த வலை பொத்துகிறவர். என் வயதுதான். நான் சித்திர ரீச்சர் என்பதால் "நீர்" போட்டுப் பேசுவார். ஆனால் மரியாதை அந்த ஒரு சொல்லோடு சரி.

அங்கே ஐஸ் அறைக்குப் பின்னால் ஒரு நீளச் சுவர். கடற்கரையில் வேலை செய்கிற பெண்களை அதில் பெரிதாகப் படம் கீறித் தருகிறேன் என்று வாயைக் கொடுத்தது நான்தான். பெயின்ற் வாளி எல்லாம் ஒரே நாளில் வாங்கி அடுக்கியாயிற்று. சுவருக்கு முன்னால் போய் நின்றால் கை எழும்பவில்லை. போவேன், பார்ப்பேன், திரும்பி வந்துவிடுவேன்.

பக்கத்து மர நிழலில் வலை பொத்திக்கொண்டிருந்தவர்தான் ஒருநாள் கேட்டார்.

"என்ன ரீச்சர், நெடுக வாறீர், சுவரை முறைக்கிறீர், போறீர். சுவர் உமக்கு என்ன செய்தது?"

"பெரிசாய்க் கிடக்கு. எங்க தொடங்கிறதெண்டு தெரியேல்ல."

"அப்ப சின்னனாக்குவம்."

அண்ணனின் பழைய திருக்கை வலையை இழுத்து வந்து சுவர் முழுக்கத் தொங்கவிட்டார். அந்த வலையின் கண் ஒவ்வொன்றும் விரித்த கை அளவு. "இண்டைக்கு இந்த ஒரு கண் மட்டும். மிச்சச் சுவர் இல்லையெண்டு நினையும்."

எனக்கு ஒரு கண்ணோடு நிற்க ஏலுமா? மெல்ல அடுத்ததுக்கு நழுவுவேன். வலை ஊசியால் கையில் ஒரு தட்டு விழும்.

"ஆறின கஞ்சி பழங்கஞ்சி, ஜெசிந்தா."

"அவசரக்காரிக்குப் புத்தி மட்டு, ரீச்சர்."

ஆனால் அவருடைய வலையும் எங்களுக்கு நல்லாய் விளையாட்டுக் காட்டியது. படத்தை நான் தாளில் சதுரம் சதுரமாகப் பிரித்து, ஒரு சதுரத்துக்கு வலையில் ஒரு கண் என்று கீறினேன். வலையோ தன் பாரத்தில் தொங்கி, கண்ணெல்லாம் ஒடுங்கி நீண்டு கிடந்திருக்கிறது. சுவரோடு ஒட்டி நின்று கீறியதில் இருவருக்கும் தெரியவில்லை. தள்ளிப்போய் நின்று பார்த்தால்... கீறின வள்ளம் செங்குத்தாய் நெட்டையாய் நிற்கிறது.

கடலால் வந்தவர்கள் விடுவார்களா? "உது வள்ளமோ, கோயில் கோபுரமோ?"

எல்லாவற்றுக்கும் வெள்ளை அடிக்கப்போகிறேன் என்று நான் வாளியைத் தூக்கிவிட்டேன். ஜெசிந்தா விழுந்து விழுந்து சிரித்தார். "வலை பொத்திற எனக்கே வலை தொங்குமெண்டு தெரியேல்லையே!" பிறகு திடீரென்று முகம் மாறி, வாளியைப் பறித்தார். "அழிக்க விடமாட்டன். அதில கால் கடுக்க நிண்டது நீர் மட்டுமோ? நானும்தான்."

அந்த நெட்டை வள்ளம் இன்னும் நிற்கிறது. அடுத்த நாள் வலையின் கீழ்க்கயிற்றை இழுத்து ஆணி அடித்தார். அதற்குப் பிறகு கீறியது எல்லாம் ஒழுங்காக வந்தது.

பெயின்ற் அடிக்கும்போது வலையை மேலே சுருட்டிவிடுவோம். வேலை முடிந்ததும் இறக்கி, நாளைக்குத் தொடங்கவேண்டிய கண்ணில் ஒரு சிவப்பு நூல் கட்டுவார். பாதியில் விட்ட வலையில் ஊசியைக் கொளுவி வைக்கிற அதே பழக்கம். "நாளைக்கு எதெண்டு தெரிஞ்சால்தான் எனக்கு நித்திரை வரும்."

படத்தில் மீன் தெரிந்து பிரிக்கிற பெண்களுக்கு நடுவில் இருப்பவர் ஜெசிந்தாதான். கை, ஓலைக் கடகம், சீலை எல்லாம் முடிந்துவிட்டது. முகம் மட்டும் வெறும் சுவர். "என்ர மூஞ்சையைக் கடைசியில கீறும். இப்பவே கீறினால் சனம் இஞ்சால வராது." எப்போது கேட்டாலும் இதே பகிடி.

பிறகு மழை தொடங்கியது. கடைசியாக நூல் கட்டியது, படத்தின் மூலையில் மீனுக்குக் காத்திருக்கிற நாயின் வாலுக்கு மேல் வரும் கண்ணில். வலையைச் சுருட்டிக் கட்டிவிட்டு, வெயில் வரட்டும் என்று இருந்தோம்.

இன்று வீட்டில் இருக்க முடியாமல் பஸ் ஏறி, நேராகச் சுவருக்குத்தான் வந்தேன். வலையை அவிழ்த்து இறக்கினேன். நாயின் வாலில் நூல் இல்லை.

தேடினேன்... நடுவில், அந்த வெறும் முகத்துக்கு மேல் தொங்குகிறது.

ஐஸ் அறையில் வேலை செய்கிற அண்ணை பின்னால் வந்து சொன்னார். "ஆஸ்பத்திரிக்குப் போற அண்டு காலமை வந்தவ, பிள்ளை. பஸ் வருது, பஸ் வருது எண்டு தமையன் கத்தக் கத்த, வலையை இறக்கி ஏதோ கட்டிப்போட்டு, திரும்பச் சுருட்டி வச்சிட்டுத்தான் போனவ."

அழுகிறேனா, கோபப்படுகிறேனா என்று தெரியவில்லை. இரண்டும்தான். ஒரு சொல்லுச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாமே, ஜெசிந்தா...

பெயின்ற் வாளியைத் திறந்து வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். பெட்டி இந்த றோட்டால்தான் போகும். அதற்குள் முகத்தை முடிக்கவேண்டும்.

இந்த ஒரு கண் மட்டும். மிச்சச் சுவர் இல்லை.

மெல்ல வாரும், ஜெசிந்தா.