வாடை போகக் கழுவிக் கொடுத்த வாளி

அரும்பாவூர் பக்கத்தில் இருந்த எங்கள் வயல்வீட்டைக் காலிசெய்து, பெரம்பலூரில் இரண்டே அறை உள்ள வாடகை வீட்டுக்குப் போகவேண்டி வந்தது. பாதிச் சாமானுக்கு அங்கே இடமில்லை. கொட்டகையில் கிடந்த நீல வாளியை, மாட்டுக்குத் தண்ணீர் வைத்தது என்று நினைத்து, எதிர்வீட்டுச் செல்விக்குக் கொடுத்தேன். அழுக்காகக் கொடுத்தால் மரியாதையில்லையே! ஏதோ வாடை வந்தது. அது போகும்வரை சோப்புத்தூள் போட்டுத் தேய்த்தேன்.

மறுநாள் சாமான் கட்டிக்கொண்டிருந்த கணவர் கேட்டார்: "மக்காச்சோளத்துக்குப் பூச்சிமருந்து கலக்குற நீல வாளி எங்க?"

செல்வி வீட்டுக்கு ஓடினேன். அந்த வாளியில் ஊறிய அரிசியை அவள் கிரைண்டரில் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"புது வாளியாட்டம் இருந்துச்சுக்கா. அதான் இட்லிக்கு ஊறப் போட்டேன்."

விஷயத்தைச் சொன்னதும் கிரைண்டரை நிறுத்தினாள். கோழி கொத்திவிடாமல் குழி தோண்டி அரிசியைப் புதைத்தோம். அவள் திட்டவில்லை. "எம் பொண்ணு மாவ வழிச்சு வாயில போட்டுக்குவாக்கா" என்று மட்டும் சொன்னாள்.

வாளியின் அடியைக் கணவர் கடப்பாரையால் குத்தி ஓட்டையாக்கினார். இப்போது எதைக் கொடுத்தாலும், எதற்குப் புழங்கியது என்று வீட்டில் விசாரித்துச் சொல்லிவிட்டுத்தான் கொடுக்கிறேன். ஆனாலும் மனசு ஆறவில்லை. எச்சரிக்க இருந்த அந்த ஒரு வாடையையும் தேய்த்துப் போக்கியவள் நான்தானே.