கப்பலில் பத்து மணி

ஹேமாம்புஜம் டீச்சர் ஆழ்வார்திருநகரியிலிருந்து தினமும் பஸ் ஏறி, தூத்துக்குடி துறைமுகத்துக்குப் பக்கத்திலுள்ள எங்கள் நடுநிலைப் பள்ளிக்கு வருகிறவர். இருபத்திரண்டு வருடமாகச் சமூக அறிவியல். கிழக்கிலோ மேற்கிலோ பதினைந்து தீர்க்கக்கோடு நகர்ந்தால் ஒரு மணி நேரம் மாறும் என்பதை ஒரு ரப்பர் பந்தையும் டார்ச் லைட்டையும் வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுப்பார். பிள்ளைகள் மனப்பாடம் செய்து மார்க் வாங்கும், ஒன்றுகூட நம்பாது. அதில் அவருக்குத் தீராத வருத்தம். அந்தப் புலம்பலைத் தினமும் கேட்கிற பக்கத்து வகுப்புத் தமிழ் டீச்சர் நான்.

போன வருடம் எங்களுக்கு ஒரு ஸ்மார்ட் போர்டு வந்தது. தலைமை ஆசிரியர் ஜெபசீலன் சார் ரிப்பன் வெட்டினார், போட்டோ எடுத்தார், உப்புக் காற்றில் கெட்டுவிடும் என்று உறை போட்டு மூடி, அறையையும் பூட்டினார். அதோடு சரி. சாவி அவர் சட்டைப் பையில்.

ஏழாம் வகுப்பு மெர்ஷியாவின் அப்பா அமலன், சரக்குக் கப்பலில் என்ஜின் அறையில் வேலை பார்க்கிறார். அவரை வீடியோவில் வகுப்புக்குக் கொண்டுவருவது என்று ஹேமாம்புஜம் டீச்சர் முடிவு செய்துவிட்டார். ஒரு வாரம் பின்னாலேயே நடந்தபின் சார் இறங்கி வந்தார்.

"ஒரு தடவ பாப்போம். சொதப்பிச்சுன்னா உறையப் போட்டுக் கெட்டிருவேன். பொறவு யாரும் சாவி கேக்கக் கூடாது."

அமலனிடம் பேசியபோது கப்பல் ஓமன் பக்கம் நின்றது. "பத்து மணிக்கு எங்களுக்கு காபி நேரம் டீச்சர். நானே கூப்பிடுதேன்" என்றார். அங்கே பத்து என்றால் இங்கே பதினொன்றரை. பத்து நாள் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை குறித்தார்கள். டீச்சர் கல்யாண வீட்டுக்காரி மாதிரி பறந்தார். முப்பத்தெட்டுப் பிள்ளைகளுக்கு முப்பத்தெட்டுக் கேள்விகளைத் தன் கைப்படச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். சீட்டில் இருப்பதைத் தவிர யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று சட்டம் வேறு.

செவ்வாய்க்கிழமை பதினொன்றரை. போர்டு அறையில் பிள்ளைகளோடு சாரும் நானும்கூடக் காத்திருந்தோம். அழைப்பு வரவில்லை. டீச்சரே கூப்பிட்டுப் பார்த்தார். மணி அடித்து ஓய்ந்தது. பதினொன்றே முக்கால். பன்னிரண்டு. டீச்சருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. ஜெபசீலன் சார் உறையை உதறினார்.

மெர்ஷியா கையைத் தூக்கினாள்.

"சீட்டுல இருக்கிறத மட்டும்!" என்று டீச்சர் அதட்டினார்.

"சொல்ல விடுங்க டீச்சர்" என்றேன் நான்.

"கப்பலு மேக்க போவுதுல்லா டீச்சர், ஆப்பிரிக்காவுக்கு. மேக்க போனா ராத்திரி மணிய ஒரு மணி நேரம் பின்னால திருப்பிருவாவ. அப்பா போன்ல சொன்னவொடனே அம்மாவும் வீட்ல அப்பா மணிக்குன்னு வச்சிருக்க ரெண்டாவது கடியாரத்தத் திருப்புவாவ. நேத்துதான் திருப்புனாவ. காலைலயே சொல்லலாம்னு வந்தேன். நீங்கதான் வாயத் தெறக்கக் கூடாதுன்னுட்டிய."

ஊருக்கெல்லாம் பலன் சொல்லும் பல்லி, தான் போய்க் கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. டீச்சர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து, உறையை ஒரு கையால் பிடித்துக்கொண்டார்.

"சார், அங்க இப்போ ஒன்பதரைதான். பன்னிரண்டரை வரைக்கும் பொறுங்கோ. வரலேன்னா நானே மூடிடறேன்."

"பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு மணி."

"இன்னைக்கு ஒரு நாள் தாமதமா சாப்பிடட்டும்."

அந்த அரை மணி நேரமும் அவர் சும்மா இருக்கவில்லை. உலக உருண்டையை மேசையில் வைத்து, "கப்பல் எங்க இருக்கும், கண்டுபிடிங்கோ" என்றார். பிள்ளைகள் மொய்த்துவிட்டார்கள். ஓமன் பக்கத்து அறுபதாவது கோட்டிலிருந்து பதினைந்து பாகை மேற்கே எண்ணி, ஆப்பிரிக்கக் கரைக்குச் சற்றுத் தள்ளி மெர்ஷியா விரல் வைத்தாள். சாப்பாட்டு மணி அடித்தது. ஒரு பிள்ளை நகரவில்லை. சாம்பார் ஆறுகிறது என்று சத்துணவு அக்கா வாசலில் நின்று சத்தம் போட்டார்.

மணி அடித்து இரண்டு நிமிடம் இருக்கும். போர்டு அலறியது.

கிரீஸ் படிந்த முகத்தோடு, கையில் காபிக் கோப்பையோடு அமலன் சிரித்தார். "டீச்சர், சொன்ன மாதிரி கரெக்டா பத்து மணிக்கு வந்துட்டம்லா?"

"இங்க பன்னிரண்டரை!" முப்பத்தெட்டுப் பேரும் கத்தினார்கள். சீட்டுகள் தரையில் கிடந்தன. "நேத்து மணியத் திருப்புனியளா?" "ஆப்பிரிக்கா தெரியுதா?" என்று ஆளுக்கொன்று கேட்டார்கள். அமலன் கேமராவைக் கடல் பக்கம் திருப்பினார். எங்கள் ஜன்னலில் உச்சி வெயில். அங்கே இன்னும் காலை வெயில். பிள்ளைகள் ஜன்னலையும் போர்டையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு நம்பிவிட்டார்கள். ஹேமாம்புஜம் டீச்சர் எல்லார் முன்னாலும் அழுதார். எனக்கும் வந்தது.

பதினைந்து நிமிடத்தில் காபி நேரம் முடிந்தது. ஜெபசீலன் சார் உறையை நாலாய் மடித்து என்னிடம் கொடுத்தார். சாவியை ஹேமாம்புஜம் டீச்சர் கையில் வைத்தார். சாப்பாட்டுக்கு ஓடிய மெர்ஷியாவைச் சாரே வாசலில் நிறுத்தினார்.

"ஏளா, அடுத்து எப்ப மணியத் திருப்புவாவன்னு உங்கம்மாட்ட கேட்டுட்டு வா."