அக்கா கணவர் ஊற்றிய ஆயில்

அந்தக் கோபம் எனக்கு இன்றும் ஆறவில்லை. துபாயிலிருந்து வந்த அக்கா கணவர், மலைக்கு ஓடும் என் பழைய ஜீப்பில் சிந்தெடிக் என்ஜின் ஆயிலை ஊற்றினார். "ஃபாரின் சரக்கு மச்சான், அளவே பாக்க வேணாம்" என்றார். நம்பினேன். அதுவோ உள்ளே படிந்திருந்த கசடைக் கரைத்து, அந்தக் கசடு அடைத்துவைத்திருந்த தேய்ந்த சீல் வழியாக ஒழுகிக்கொண்டிருந்தது.

பிரசவ வலியில் துடித்த பெண்ணைப் போளூர் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவந்தபோது, பாதி மலையில் ஆயில் வற்றி என்ஜின் இறுகி நின்றது. கூட வந்தவர்கள் என்னைத் திட்டவில்லை. கம்பில் போர்வையைக் கட்டி, அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். "உங்க காருக்கு இன்னா ஆயில் மாமா ஊத்துறீங்க?"

"எப்பவும் ஊத்துற சாதா ஆயில்தான். ஃபாரின் ஆயில உன் வண்டியில ஊத்திப் பாத்துட்டு மாத்தலாம்னு இருந்தேன்."

அதன்பிறகு அந்த வீட்டில் நான் கை நனைத்ததில்லை.