திங்கட்கிழமைப் பெட்டி

1958 செப்டம்பரில் இத்தாலி முழுக்க, பதிவு பெற்ற விலைமகளிர் வீடுகளைச் சட்டம் போட்டு மூடினார்கள். அப்போது எர்சிலியாவுக்கு வயது நாற்பத்தாறு. அந்த வீடுகளில் ஒரு பெண்ணை இரண்டு வாரத்துக்கு மேல் வைத்திருக்க மாட்டார்கள். வருகிறவர்களுக்குப் புதுமுகம் வேண்டுமாம். திங்கட்கிழமை வந்தால் பெட்டியைக் கட்டிக்கொண்டு அடுத்த ஊர் ரயிலைப் பிடிக்க வேண்டும். அங்கே ஒரு டாக்டர் நோய் இருக்கிறதா என்று சோதித்துச் சீட்டில் கையெழுத்துப் போடுவார். எர்சிலியாவுக்கு இருபது வருஷம் அப்படியே ஓடிப்போயிற்று.

இனி ஓர் இடத்தில் இருந்து, அங்கேயே சாக வேண்டும். அவளுக்கு வேறு ஆசை இல்லை. ஜெனோவாவில், துறைமுகத்துக்கு மேலே ஒரு சந்தில், டெல்ஃபினா என்ற விதவையின் வீட்டில் அறை கிடைத்தது. எர்சிலியா தன்னைத் தையல்காரி என்று சொல்லிக்கொண்டாள். பேச்சுத்துணை கிடைத்த சந்தோஷத்தில் டெல்ஃபினா அவளைச் சமையலறையில் தன் எதிரே உட்காரவைத்துச் சூப் ஊற்றினாள்.

“உப்புப் பாருங்க. எம் புருஷன் உப்பில்ல, உப்பில்லன்னு சொல்லியே செத்தாரு.”

“சரியாத்தான் இருக்குக்கா.”

“பொய் சொல்றீங்க. நல்ல மனசு உங்களுக்கு.”

இரண்டு வாரம் கழிந்த திங்கட்கிழமை காலையில் டெல்ஃபினா காபியோடு கதவைத் திறந்தாள். எர்சிலியா தொப்பி வைத்து, கையுறை மாட்டி, கட்டின பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தாள். எப்போது எழுந்தோம், எப்போது கட்டினோம் என்று அவளுக்கே தெரியவில்லை. பழகின கை செய்துவிட்டது.

“எங்க கிளம்பிட்டீங்க?”

“எங்கயும் இல்லக்கா. திங்கக்கெழம ஆச்சேன்னு...” நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை தோறும் ரயிலடியில் பெட்டியோடு நின்ற பெண்களைப் பார்க்காதவர்கள் அந்த ஊரில் உண்டா? டெல்ஃபினா காபியை ஜன்னலோரம் வைத்தாள்.

“எத்தன வருஷமா?”

“இருபது.”

“எம் புருஷனும் அங்க போனவருதான். அங்கயாவது வாயத் தொறந்து பாராட்டினாரோ என்னவோ.” அவள் சிரிக்கவில்லை.

“நான் போயிடறேன்க்கா.”

“போன்னு சொன்னேனா? நாளைக்கு ஆண்டவர் என்னைக் கேப்பாரு. இரு. சாப்பாடு இங்கயே வரும். என் தங்கச்சி வந்தா மட்டும் வெளிய வராத.”

எர்சிலியா கயிற்றை அவிழ்த்து, துணிகளை ஒவ்வொன்றாக அலமாரியில் அடுக்கினாள். மத்தியானம் சாப்பாட்டுத் தட்டு அறை வாசலில் வந்து உட்கார்ந்தது. சமையலறையில் அக்காவும் தங்கையும் எதையோ சொல்லிச் சிரித்தார்கள். அவள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

அந்த அறையிலேயே பல வருஷம் இருந்து, அங்கேயே கண்ணை மூடினாள். ஆண்டவர் அவள் கேட்டதைக் கொடுத்தார். தட்டு மட்டும் கடைசிவரை வாசலுக்குத்தான் வந்தது.